முப்பது கைகளில் ஒரே தகடு

மார்ச் 4

தண்ணீர் கேன் போட வந்தவர் இன்று கேட்டார்: "அழகா இருக்கே, எங்க வாங்கினீங்க?"

கையில் இருக்கும் ஸ்டீல் சங்கிலியைத்தான். நகைக்கடையில் என்று சொல்லிவிடலாமா என்று இருந்தது. தகட்டின் முன்பக்கம் சிவப்பு நட்சத்திரம். பின்பக்கம் மூன்று வரி: அட்ரினல் சுரப்பி இயங்காது. ஸ்டீராய்டு மாத்திரையில் இருக்கிறார். மயங்கினால் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி உடனே. திருப்பிக் காட்டினேன். "ஸ்டீராய்டா? அது பளு தூக்கறவங்க போடறதாச்சே" என்று என்னை மேலும் கீழும் பார்த்தார்.

பக்கத்து இருக்கையில் ரேடியோ விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தப் பெயரை நான் வைக்கவில்லை, அலுவலகமே வைத்தது. வாய் ஓயாது. என் நோய்க்கு இதுவரை அவள் சொன்ன வைத்தியம் வெந்நீர், நடை, மனசைப் போட்டு உழப்பாமல் இருப்பது. போன சுரப்பி நடந்தா திரும்பி வரும்?

மார்ச் 11

மேலாளர் அம்மா கூப்பிட்டார். நல்வாழ்வு வாரம் நடத்தப்போகிறார்களாம். "உங்க பிரேஸ்லெட்ட ஒரு படம் எடுத்துக்கட்டுமா?"

எனக்கு மனசு நிறைந்துபோனது. எங்கள் வேலையே லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களின் அழைப்பை எடுப்பதுதான். பெயர் என்ன, உள்ளே எத்தனை பேர், யாருக்காவது உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்டு மெக்கானிக்கை அனுப்புவோம். இப்படி ஒரு இடத்தில் என் தகடு என்ன சொல்கிறது என்று நாலு பேருக்குத் தெரிவது நல்லதுதானே? "ரெண்டு பக்கமும் எடுத்துக்கங்க மேடம்" என்றேன்.

முன்பக்கம் மட்டும் எடுத்துக்கொண்டார்.

மார்ச் 19

கோபம் அடங்கவில்லை. எழுதினாலாவது ஆறுமா பார்க்கிறேன்.

கேக் வெட்டினார்கள். பிறகு ஒரு பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே முப்பது கைச்சங்கிலிகள். என்னுடையதுபோலவே ஸ்டீல், அதே அகலத் தகடு, அதே சிவப்பு நட்சத்திரம். பின்பக்கம் "நாம் ஒரே குடும்பம்". ஆளுக்கு ஒன்று. எல்லோரும் மாட்டிக்கொண்டு கையை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டார்கள். "உங்க மேல இருக்கிற அக்கறையிலதான்" என்று மேலாளர் என் தோளைத் தட்டினார். ரேடியோ தன் கையை என் கையோடு ஒட்டிவைத்து, "பாரு, எது யாருதுன்னே தெரியல!" என்று குதிக்கிறாள்.

அதானேடி பிரச்சினை!

மார்ச் 20

கூடுதலாக இருந்த ஒன்றை என் பையில் போட்டுவிட்டிருக்கிறார்கள். காலையில் வீட்டில் பார்த்தால் அது இவர் கையில். "ஜோடியா இருக்கட்டுமேன்னு போட்டேன்" என்கிறார். கழற்றச் சொன்னால், "விடேன், நல்ல மனசோடதானே செஞ்சிருக்காங்க."

விடேன், விடேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து இவர் எனக்குச் சொல்லும் ஒரே மருந்து.

மார்ச் 21

மேலாளரிடம் நேரே போய்ச் சொன்னேன், எல்லாவற்றையும் திரும்ப வாங்கிவிடுங்கள் என்று.

"உங்களுக்காகத்தானே போட்டிருக்கோம்?"

"எனக்காகன்னா கழட்டுங்க மேடம். நான் பேச முடியாம கிடக்கறப்ப இந்தத் தகடுதான் எனக்கு வாய். ஊருக்கெல்லாம் அதே மாதிரி மாட்டிவிட்டா யாரு திருப்பிப் பாப்பாங்க?"

அவர் முகம் சுருங்கிவிட்டது. மாலைக்குள் கதை தளம் முழுக்கப் பரவியாயிற்று: பாசமாகச் செய்ததைத் தட்டிவிட்டவள், திமிர் பிடித்தவள். தேநீர் இடைவேளையில் என் மேசைக்கு ஒருத்தரும் வரவில்லை. ரேடியோ மட்டும் வந்தாள். "உனக்கு எதுலதான் திருப்தி?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

மார்ச் 28

எல்லார் கையிலும் இன்னும் இருக்கிறது.

ஏப்ரல் 6

மருத்துவமனை. எழுத்து கோணலாகத்தான் வருகிறது.

மூன்றாம் தேதி காலையிலேயே குமட்டல். அலுவலகம் போனதும் இரண்டு முறை வாந்தி. மாத்திரை தங்கவில்லை என்றால் எனக்கு ஊசி போட்டாக வேண்டும். பையில் ஊசி இருக்கிறது என்று ரேடியோவிடம் சொல்ல வாயைத் திறந்தேன். சத்தம் வந்ததா, தெரியாது. தரை மட்டும் கன்னத்தில் குளிர்ச்சியாகப் பட்டது.

மீதி இங்கே நர்ஸ் சொன்னது. ஆம்புலன்ஸ்காரர் என் கையைப் பிடித்துத் தகட்டைப் பார்த்திருக்கிறார். சுற்றி நின்ற எல்லார் கையிலும் அதே தகடு. இது என்ன என்று கேட்டிருக்கிறார். யாரோ, "அது கம்பெனி பிரேஸ்லெட்" என்றார்களாம். அதோடு விட்டுவிட்டார். வயிற்றுக்கோளாறு, மயக்கம் என்று கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். பை நாற்காலிக்கு அடியிலேயே கிடந்திருக்கிறது.

"ரத்தம் எடுக்கக் கழட்டினேம்மா. அப்பதான் பின்பக்கம் எழுத்து தெரிஞ்சது" என்றார் நர்ஸ். இன்னும் தாமதமாகியிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார், முடிக்கவில்லை.

இவர் ஓடி வந்தபோது நர்ஸ் இவர் கையைப் பார்த்துவிட்டு, "சார், உங்களுக்கும் இதே வியாதியா? என்ன மாத்திரை எடுக்கறீங்க?" என்று கேட்டிருக்கிறார். இவர் அங்கேயே கழற்றிவிட்டார். இப்போது கை வெறுங்கையாக இருக்கிறது. எங்கே போட்டார் என்று நான் கேட்கவில்லை.

சாகக் கிடந்திருக்கிறேன். ஒரே குடும்பமாம், குடும்பம்!

ஏப்ரல் 8

வீடு. அந்த "யாரோ" யார்? மேலாளராகத்தான் இருக்கும். வேறு யார் அவ்வளவு பெருமையாகச் சொல்வார்கள்? கேட்டுவிட்டு வாருங்கள் என்றேன் இவரிடம். "வி..." என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

ஏப்ரல் 15

வேலைக்குப் போனேன். வாசலில் அறிவிப்புப் பலகையில் என் படம். கேக் வெட்டிய அன்று எடுத்தது. கீழே கொட்டை எழுத்தில்: "நம் பிரேஸ்லெட் ஓர் உயிரைக் காத்தது!"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று கேட்டிருக்கிறேன். இவர்கள் மறைத்த பூசணிக்காய் நான். மற்ற கிளைகளுக்கும் இதே சங்கிலி அடிக்கப்போகிறார்களாம். பதினெட்டாம் தேதி நிறுவனத் தலைவர் வருகிறார், நான் மேடையில் நன்றி சொல்ல வேண்டுமாம். நன்றி!

ரேடியோ வாயே திறக்கவில்லை. மணி அடித்தால் போன் எடுக்கிறாள், வைக்கிறாள். என் பக்கம் திரும்புவதில்லை. இவளுக்கு என்ன வந்தது?

ஏப்ரல் 18

அப்படியே எழுதிவிடுகிறேன்.

மேலாளர் ஒலிபெருக்கியில் பேசினார். நம் அன்பு, நம் பிரேஸ்லெட், ஓர் உயிர். கைதட்டல். என்னை மேடைக்கு அழைத்தார். என்ன சொல்வது என்று இரண்டு இரவு மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். எழுந்திருப்பதற்குள் பின்வரிசையில் நாற்காலி இழுபடும் சத்தம். ரேடியோ நிற்கிறாள்.

"பொய் சார். அவளக் காப்பாத்துனது எங்க பிரேஸ்லெட் இல்ல. எங்களுதாலதான் அவ சாகக் கிடந்தா. ஆம்புலன்ஸ்காரர் கேட்டப்ப நான்தான் கம்பெனி பிரேஸ்லெட்னு சொன்னேன். அவ கையத் திருப்பி ஒரு தடவ படிச்சிருந்தா போதும். தினம் பக்கத்துல உக்காந்தும் நான் படிச்சதில்ல."

தன் சங்கிலியைக் கழற்றி மேசையில் வைத்தாள். தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். மேலாளர் சிரிக்க முயன்றார்.

நான் மேடை ஏறவில்லை. ஏறி என்ன சொல்ல?

ஏப்ரல் 19

நீயா? நீதானா? வீட்டு வாசலில் வந்து நின்றவளைப் பார்த்து அப்படியே கத்தினேன். அழுதாள். நான் சமாதானம் சொல்லவில்லை, சொல்லத் தோன்றவுமில்லை. எவ்வளவு நேரம் கத்தினேனோ. தொண்டை கட்டியபிறகு அவள், "ஊசி எப்படிப் போடறது? காட்டு" என்றாள்.

ஆரஞ்சுப் பழத்தில் பழகினோம். முதல் ஊசி வளைந்தது. இரண்டாவதில் சாறு பீய்ச்சி இவர் சட்டையெல்லாம் கறை. ஏழாவது பழத்தில் அவள் கை பழகிவிட்டது. கோபம் இன்னும் இருக்கிறது. இருக்கட்டும்.

ஏப்ரல் 23

ரேடியோவைக் கிடங்குக்கு மாற்றி உத்தரவு. "நிர்வாகக் காரணங்கள்". உண்மை சொன்னதற்கு இங்கே அதுதான் பெயர்போல.

ஏப்ரல் 24

காலையில் நேரே மேலாளர் அறைக்குள் போனேன்.

"அவ கிடங்குக்குப் போறதா இருந்தா என்னையும் அங்கயே போடுங்க மேடம்."

"நீங்க எதுக்கு?"

"நான் விழுந்தா ஊசி போடத் தெரிஞ்சவ இந்த ஆபீஸ்ல அவ ஒருத்திதான். இல்லன்னா நீங்க கத்துக்கங்க. இப்பவே." ஊசியையும் ஓர் ஆரஞ்சையும் அவர் மேசையில் வைத்தேன்.

அவர் ஊசியைப் பார்த்தார். நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். "சரி, அவங்க இங்கயே இருக்கட்டும்" என்றார். நியாயம் என்று ஒரு வார்த்தை அவர் வாயில் வரவில்லை. ஊசிக்குப் பயந்து இறங்கிவந்தார். எப்படியோ போகட்டும்.

ஊசியையும் பழத்தையும் எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தால் வெளியே எட்டுப் பேர் நிற்கிறார்கள். இரண்டு மெக்கானிக்குகள்கூட. ஒருவர் கையிலும் சங்கிலி இல்லை. யாரும் மன்னிப்பு என்றெல்லாம் சொல்லவில்லை. மூத்த மெக்கானிக்தான், "எங்களுக்கும் காட்டுவியாம்மா?" என்று கேட்டார்.

கையில் இருந்தது ஒரே பழம். வரிசையில் நிற்கச் சொன்னேன்.