கறுப்பு வேட்டிக்குள் பத்தொன்பது நாள்

என் அன்பான பாசி டீச்சரம்மாவுக்கு,

போன இடத்திலும் யாரையாவது வரிசையில் நிற்கவைத்து மிரட்டிக்கொண்டுதான் இருப்பீர்கள். இங்கே வேலப்பன்சாவடியில் உங்கள் ஆய்வுக்கூடம் பூட்டியே கிடந்தது. சாவி உங்கள் எடுபிடி ஆளான என் இடுப்பில்தான். உள்ளே போகத்தான் பயம். பேய்ப் பயம் இல்லை, நீங்கள் பேயாக வந்தால்கூட முதலில் கண்ணாடிக் குழாய்களைத்தான் எண்ணுவீர்கள். என் பயமெல்லாம் நீங்கள் பாசியைப் போட்டு மூடிவைத்த அந்தத் தொட்டியை நினைத்து.

வெள்ளானூர் ஏரியில் முழங்கால் தண்ணீரில் இறங்கி அந்தப் பாசியை அள்ளி வந்தது நான். பூண்டு வாடை. கணுவுக்குக் கணு நடுவில் என் விரல் நீளத்துக்கு ஒரு துண்டு. "இது முழுசும் ஒரே செல்லு, அண்ணாச்சி" என்றீர்கள். "எனக்கு ஏதும்மா கடை, அண்ணாச்சின்னு கூப்புடறே?" என்றேன். திருநெல்வேலிக்காரி நீங்கள், கடைசிவரை மாற்றவில்லை.

மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொல்லிக் கொடுத்தீர்கள். உள்ளே கூழ் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கி ஓடிக்கொண்டே இருந்தது. ஓடினால் உயிர், நின்றால் போச்சு. எட்டாவது ஃபெயிலான எனக்கு அது போதும்.

உங்களுக்கு அது போதவில்லை. செல்லைச் சுற்றி இருக்கும் மெல்லிய சவ்வு, வெளிச்சத்தில் இடியாப்பச் சிக்கல் மாதிரி மடிப்பு மடிப்பாகச் சுருளும். இருட்டில் அந்த மடிப்பு கரைந்துபோகும். மறுபடி வெளிச்சம் காட்டினால் திரும்ப வருமா, எத்தனை நாளில் வரும்? அதுதான் உங்கள் கவலை. தொட்டியை மூட அலுமினியத் தாள் தீர்ந்துபோனதால், நான் சபரிமலைக்குக் கட்டிய கறுப்பு வேட்டியைக் கொடுத்தேன்.

கொடுத்தவன் சும்மா இருந்தேனா? தினமும் டீ குடிக்கிற நேரத்தில் வேட்டியை எடுத்துவிட்டுத் தொட்டியைத் தூக்கி வெயிலில் வைத்தேன். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் மடிப்பு அப்படியே இருக்கிறது. நீங்கள் தலையைப் பிய்த்துக்கொண்டீர்கள். ஒருநாள் கையும் களவுமாக மாட்டினேன்.

"அண்ணாச்சி, ஒங்களுக்குக் கோட்டி பிடிச்சிருக்கா?"

"இருட்டுல கீதுங்களேம்மா, பயந்துக்காதா? சும்மா காத்தாட வெச்சேன்."

"இருட்டுன்னா இருட்டுதான். இனி நான் வந்து சொல்லுத வரைக்கும் தொறக்கக் கூடாது."

முதல் நாளிலிருந்து மறுபடி எண்ணத் தொட்டியைப் புதிதாக மூடினீர்கள். நான் அந்த வேட்டிமேல் கை வைத்து, "சாமி சத்தியமா நீ சொல்லாம தொறக்க மாட்டேன்மா" என்றேன்.

மூன்றாம் நாள் காலையில் உங்களுக்கு நெஞ்சு வலி, அதோடு போய்விட்டீர்கள். அப்புறம் யார் வந்து சொல்வது?

போன வாரம் முழுக்க எனக்குத் தூக்கம் இல்லை. திறந்தால் சாமி குத்தம், செத்தவங்களுக்குக் கொடுத்த வாக்கு. திறக்காவிட்டால் அதுகள் செத்துப்போகும். உங்கள் மாணவி கவிதா சேக்காட்டிலிருந்து வந்து என் எதிரில் நின்றாள்.

"தாத்தா, மேடம் ஒரு வாரம்னுதான் திட்டம் போட்டாங்க. மூடி இன்னிக்குப் பத்தொன்பதாவது நாள். ஏரியில அந்த ஓரமெல்லாம் மண்ணு கொட்டிட்டாங்க, புதுசாவும் கிடைக்காது."

"சத்தியம் பண்ணிக்கீறேன்மா."

"அவங்க வந்து சொல்லணும்னா எப்படித் தாத்தா வருவாங்க?"

ஆய்வுக்கூடக் கதவைத் திறந்து உங்கள் காலி நாற்காலியைப் பார்த்து, "தொறக்கட்டாம்மா?" என்று கேட்டேன். நான் தப்புச் செய்தால் உடனே கத்துவீர்களே, அன்றைக்குக் கத்தவில்லை. அதையே உத்தரவாக எடுத்துக்கொண்டேன். சரிதானா?

வேட்டியை விலக்கினேன். பாதிக்கு மேல் வெளுத்துக் கூழாகியிருந்தது. ஒரே ஒரு கிளை பச்சையாக இருந்தது. கண்ணாடித் தகட்டில் வைத்துக் குனிந்து பார்த்தேன். ஒன்றும் ஓடவில்லை. "போச்சும்மா, கொன்னுட்டேன்" என்றேன்.

கவிதா என்னைத் தள்ளிவிட்டுப் பார்த்தாள். "தாத்தா, நீங்க ஃபோகஸே பண்ணல." திருகினாள். பிறகு நகர்ந்து இடம் விட்டாள். மெதுவாக, கிழவன் மாடிப்படி ஏறுவதுபோல, ஓடிக்கொண்டிருந்தது.

சாயம் போட்டும் பார்த்தாள். மடிப்பு ஒன்றுகூட இல்லை. இனி விளக்கு வெளிச்சத்தில் வைத்துக் காத்திருக்க வேண்டும். இத்தனை நாள் இருட்டில் கிடந்தது திரும்ப மடியுமா? அவளுக்கும் தெரியவில்லை.

கரண்ட் போனால் ஜன்னலோரம் தூக்கி வைப்பேன். மற்ற நேரம் என் கை அதன்மேல் படாது, டீ நேரத்தில்கூட. வேட்டியைத் துவைத்து வைத்துவிட்டேன். அடுத்த தடவை மாலை போடும்போது அதையே கட்டி மலைக்குப் போய்ச் சாமியிடம் மன்னிப்புக் கேட்பேன். மடிப்பு வந்தால் உங்கள் நாற்காலியிடம் சொல்கிறேன், வராவிட்டாலும் மறைக்காமல் சொல்கிறேன். நீங்களாக வந்து மட்டும் கேட்காதீர்கள். எனக்குப் பயம்.

இப்படிக்கு,
கடை இல்லாத உங்கள் அண்ணாச்சி