நாலாவது மாடியில் டீ

பிப்ரவரி 4, செவ்வாய்

காலையிலேயே கீழ்க்கூடத்து மிஷின் மூக்கடைத்துக்கொண்டது. பால்பவுடர் ஈரம் கோத்துக் குழாய் வாயில் கல்லாக உட்கார்ந்துவிட்டது. கழற்றி, வெந்நீர் விட்டுக் குடைந்து எடுப்பதற்குள் பின்னால் ஒரு கூட்டம் கூடிவிட்டது.

"மிஷினுக்கும் சளியாம்மா?" என்றார் கண்டக்டர்.

ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். பென்ஷன் புத்தகத்தில் பிறந்த வருடத்தைத் தப்பாகப் போட்டு, அவரை, அவரே பெற்ற மகளைவிட இளையவராக ஆக்கிவிட்டார்கள். அதைத் திருத்த எத்தனையோ மாதமாக வந்துகொண்டிருக்கிறார். கூடத்தில் எல்லோரையும் வரிசையில் நிறுத்துவது அவர்தான். யாரும் அவரிடம் கேட்டுக்கொள்ளவில்லை. பழக்க தோஷம்.

இந்த அரசாங்கக் கட்டடத்தில் ஜனங்களுக்குக் கீழே ஒன்று, ஊழியர்களுக்கு இரண்டாவது மாடியில் ஒன்று, ஐந்தாவது மாடியில் ஒன்று என்று டீ மிஷின்கள். காண்ட்ராக்ட் அண்ணனுடையது. நிரப்புவது, துடைப்பது, திட்டு வாங்குவது நான்.

பிப்ரவரி 7, வெள்ளி

புதிதாக வந்த மேலதிகாரிக்கு ஊழியர்கள் அதற்குள் பெயர் வைத்துவிட்டார்கள். அமைதி. வந்த அன்றே ஒவ்வொரு சுவரிலும் 'அமைதி காக்கவும்' என்று பலகை மாட்டச் சொன்னாராம். கழிவறை வாசலில்கூட ஒன்று தொங்குகிறது.

இன்று கீழே இறங்கி வந்தார். குழந்தை அழுகிறது, யாரோ போனில் கத்துகிறார்கள், கண்டக்டர் "உள்ள தள்ளி நில்லுங்க, உள்ள தள்ளி" என்கிறார். அமைதி என் மிஷினை ஏதோ குற்றவாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"டீ கிடைக்கிறதாலதான் இவங்க இங்கேயே குடித்தனம் பண்றாங்க."

"டோக்கன் நகராததால சார்" என்றேன்.

வாய்தான். எப்போது எனக்கு முன்னால் ஓடும் என்று எனக்கே தெரியாது. ஆனால் இதில் திரும்பக் கூப்பிட என்ன இருக்கிறது? உண்மைதானே.

பிப்ரவரி 11, செவ்வாய்

கூடத்து மிஷினை நாலாவது மாடிக்கு மாற்ற வேண்டுமாம். அமைதியின் அறை வாசலில், அவரைப் பார்க்க வரும் பெரிய மனிதர்களுக்காக.

சாப்பிடும்போது அண்ணனிடம் சொன்னேன், முடியாது என்று சொல்லுங்கள் என்று. தட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"எங்க வைக்கச் சொல்றாங்களோ அங்க வைப்போம். ஒப்பந்தம் புதுப்பிக்கிற நேரம். நீ கொஞ்ச நாளைக்கு வாயை மூடிக்கிட்டு இரு."

"அவ வாய்க்கும் மிஷின் மாதிரி ஒரு சாவி இருந்தா வசதியா இருக்கும்" என்றாள் அண்ணி. என் வயதுதான் அவளுக்கு. எனக்கு ஒரு சொல் விழுந்தால் அவளுக்கு ஒரு வாய் சோறு கூடுதலாக இறங்கும்.

கணவரோடு வாழ்ந்தது போதும் என்று நான் பெட்டியோடு வந்து நின்றபோது இந்த வீட்டில் எனக்கு அறை கொடுத்தவர் அண்ணன். வேலை கொடுத்ததும் அவர்தான். மறக்கவில்லை. அதற்காக எல்லாவற்றுக்கும் தலையாட்ட வேண்டுமா?

பிப்ரவரி 13, வியாழன்

தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மிஷின் நின்ற இடத்தில் தரை மட்டும் வெள்ளையாக இருக்கிறது, மோதிரத்தைக் கழற்றிய விரல் மாதிரி.

கூடத்தில் இருப்பவர்கள் வெளியே போய் டீ குடிக்க முடியாது. கடை பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கம். போய் வருவதற்குள் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டுவிட்டால் மறுபடி கடைசியிலிருந்து. ஒரு பெண் பால் புட்டியோடு வந்து, "அக்கா, வெந்நீர் பட்டன் எங்க போச்சு?" என்று கேட்டாள். நேற்றும் அவள் வந்திருந்தாள். மிஷினைக் கேட்கவில்லை. பட்டனைத்தான் கேட்டாள்.

இரண்டாவது மாடியிலிருந்து பிளாஸ்கில் பிடித்து வந்து கொடுத்தேன். அதற்கும் ஒரு குமாஸ்தா மூக்கைச் சுளித்தான். சுளிக்கட்டும்.

பிப்ரவரி 14, வெள்ளி

கூடத்துச் சுவரில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். கண்டக்டர் உரக்கப் படித்தார்: "தேநீர் வசதி நான்காம் தளத்திற்கு மாற்றப்பட்டுள்ளது." படித்துவிட்டு என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன்.

மாற்றப்பட்டுள்ளது என்றுதானே இருக்கிறது. நிறுத்தப்பட்டுள்ளது என்று இல்லையே!

பிப்ரவரி 17, திங்கள்

இன்றைக்கு நடந்ததை அப்படியே எழுதி வைக்க வேண்டும்.

கூடம் நிரம்பியதும் நடுவில் நின்று சொன்னேன்: "டீ வேணுங்கறவங்க நாலாவது மாடிக்கு வாங்க. பொதுக் கட்டடம், பொது மிஷின். யாரும் பயப்பட வேண்டாம்."

முதலில் யாரும் அசையவில்லை. அரசாங்கப் படிக்கட்டில் கால் வைப்பதற்கே நம் ஜனங்களுக்கு ஒரு கூச்சம். பிறகு பால் புட்டிப் பெண் குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு எழுந்தாள். அவ்வளவுதான். குடை, பை, கைத்தடி, தூங்கிக்கொண்டிருந்த ஒரு தாத்தா, அத்தனையும் எழுந்தது. கண்டக்டர் லிஃப்ட் வாசலில் நின்றுகொண்டார்.

"ஏறுங்க, ஏறுங்க! நாலாவது மாடி மட்டும்தான் நிக்கும்! படியில தொங்காதீங்க!"

எண்ணைக் கூப்பிட்டால் என்ன செய்வது? அதற்கும் அவரிடம் வழி இருந்தது. கீழே கூப்பிடுகிற எண்ணை மாடிப்படி அடியில் நின்று மேலே பார்த்துக் கத்தினார். முப்பது வருடம் பஸ் இரைச்சலுக்கு மேல் கத்திப் பழகிய தொண்டை. ஐந்தாவது மாடிக்காரர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

நாலாவது மாடி நடைபாதை முழுக்க ஜனம். சோபாவில் உட்கார்ந்திருந்த கோட்டுப் போட்ட விருந்தாளி நகர்ந்து நகர்ந்து ஓரத்துக்குப் போய்விட்டார். 'அமைதி காக்கவும்' பலகைக்கு நேர் கீழே குழந்தை வீறிட்டது.

அறைக் கதவு திறந்தது.

"யாரு இவங்களை மேல விட்டது?"

"நீங்க ஒட்டின நோட்டீசு சார்" என்றார் தூங்கி எழுந்த தாத்தா.

யாரோ சிரித்தார்கள். அமைதியின் கண் கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்தது.

"நான்தான் கூட்டிட்டு வந்தேன்" என்றேன். எப்படியும் கண்டுபிடிப்பார். நானே சொல்லிவிட்டால் குரலாவது நடுங்காது.

நடுங்கவில்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

அண்ணனைக் கூப்பிட்டு அனுப்பிவிட்டார்கள். இருவரும் அமைதியின் முன்னால் நின்றோம். நாற்காலி இருந்தது, உட்காரச் சொல்லவில்லை.

"மன்னிப்புக் கேட்கச் சொல்லுங்க. இதோட விட்டுடறேன்."

அண்ணன் என் முழங்கையை மெல்ல இடித்தார். சின்ன வயதில் வாத்தியார் முன்னால் இடிப்பாரே, அதே இடி.

"நான் டீ விற்கிறவ சார். குடிக்க வந்தவங்களை மிஷின்கிட்ட கூட்டிட்டுப் போனேன். இதுல எதுக்கு மன்னிப்பு?"

அமைதி அண்ணன் பக்கம் திரும்பினார். அண்ணன் பேசினார். "நாளையிலிருந்து இவ வரமாட்டா சார்."

என்னைப் பார்த்துச் சொல்லியிருந்தாக்கூடப் பரவாயில்ல. அந்த ஆளு முகத்தைப் பார்த்துச் சொல்றான். கூடப் பிறந்தவன். கீழ வந்ததும், "வீட்ல இரு. சோத்துக்கு என்ன குறை?"ங்கறான்.

குறை சோத்துலயா இருக்கு? நான் என்ன அவன் வளர்க்கிற கோழியா?

அழல. அழுதா அவன் ஜெயிச்ச மாதிரி ஆயிடும். சரி, கொஞ்சம் அழுதேன். பஸ்ஸில். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு.

பிப்ரவரி 20, வியாழன்

தையல்கடைக்கு மேலே ஓர் அறை கிடைத்தது. கட்டில் போட்டால் கதவு பாதிதான் திறக்கும். இருக்கட்டும், நான் பாதிக் கதவில் நுழையக்கூடிய உடம்புதான்.

அண்ணன் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்துப் பெட்டியைக் கட்டினேன். அண்ணி வந்து கதவில் சாய்ந்து நின்றாள். ஏதாவது குத்தலாக வரும் என்று காத்திருந்தேன். மெத்தையின் இன்னொரு முனையைப் பிடித்துச் சுருட்டினாள்.

"நீ போறதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. சொல்லிட்டேன்."

"தெரியும்."

"உன் வேலையை என் தலையில கட்டியிருக்கார். சாவியைக் குடு. எந்த மிஷின் எப்ப மக்கர் பண்ணும்னு சொல்லு."

சொன்னேன். மாடிப்படி வரை மெத்தையைத் தூக்கி வந்தாள். அங்கே மூச்சு வாங்க நின்றபோது சொன்னாள்: "ஆனா நீ செஞ்சது தப்பில்ல."

கீழே இறங்கிய பிறகும் நம்ப முடியவில்லை. அண்ணி வாயிலிருந்தா?

பிப்ரவரி 21, வெள்ளி

பயமாகத்தான் இருக்கிறது. எழுதி வைத்துக்கொள்கிறேன், நாளைக்கு இல்லை என்று சொல்லிக்கொள்ளக் கூடாது.

பிப்ரவரி 27, வியாழன்

பஸ் பணிமனையின் சாப்பாட்டு அறையில் பாத்திரம் துலக்கும் வேலை. கண்டக்டர் சொல்லி வாங்கிக் கொடுத்தார். டிரைவர்கள் ஷிப்ட் மாறும் நேரத்தில் டீக்கு அடித்துக்கொள்கிறார்கள். ஒரே ஒரு பழைய பாய்லர்; பாதி நாள் அது சூடாவதே இல்லை. கை சும்மா இருக்கவில்லை. திறந்து பார்த்தேன். மேஸ்திரி, "உனக்கு எதுக்கும்மா அதெல்லாம்?" என்றார். எனக்குத்தான் அதெல்லாம்.

கண்டக்டர் சொன்ன சேதி: நான் இல்லாவிட்டாலும் ஜனம் தினமும் மாடி ஏறுகிறதாம். இப்போது அவர் இல்லாத நாளில் வேறு யாரோ படிக்கட்டடியில் எண்ணைக் கத்துகிறார்களாம். படியை மறிக்க நிறுத்திய காவலாளியே மேலே போய் டீ குடித்துவிட்டு வந்து மறிக்கிறாராம்.

மார்ச் 5, புதன்

அமைதி புதுப் பலகை மாட்டிவிட்டார். 'பொதுமக்களுக்கு அனுமதி இல்லை'. முதலிலேயே இதைச் செய்திருக்கலாம், தோன்றவில்லை போலிருக்கிறது. நாலாவது மாடிக் கதவுக்குப் பூட்டு.

அப்படியென்றால் நான் செய்ததெல்லாம் வீண்தானா? வேலை போனது, அறை போனது, அண்ணன் போனது. கூடத்தில் டீயும் இல்லை.

இல்லை. வீண் என்று மட்டும் எழுத மாட்டேன். அந்த ஜனம் ஒரு தடவை ஏறிப் பார்த்துவிட்டது. ஏறினதை யாராலும் இறக்க முடியாது.

மார்ச் 16, ஞாயிறு

அண்ணி வந்தாள். கட்டிலைத் தவிர உட்கார இடமில்லை என்று குறை சொல்லிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள். பிறகு வாய் கொள்ளாமல் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

கதவு பூட்டிய மறுநாளே நாலாவது மாடி மிஷின் மேல் 'பழுது' என்று அட்டை தொங்கவிட்டாளாம். அமைதி கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்.

"என்னம்மா பிரச்சினை?"

"தண்ணி மேல ஏற மாட்டேங்குது சார். இது கீழ வைக்கிற மிஷின்."

"அஞ்சாவது மாடியில இருக்கிறது வேலை செய்யுதே?"

"அது வேற மாடல் சார். அது மேல வைக்கிறது."

"நீ அசராம அப்படியே சொன்னியா?" என்றேன்.

"கண்ணைக்கூட சிமிட்டல. உங்க அண்ணன் பக்கத்துல நிக்கிறார். அவருக்கு வேர்த்துக் கொட்டுது. பொய்னு தெரியும். மூச்சு விடல."

ஒரு வாரம் பார்த்தார்களாம். விருந்தாளிகள் வந்து வந்து டீ இல்லாமல் போனார்கள். அமைதிக்கும் போதும் போதும் என்றாகிவிட்டது. வெள்ளிக்கிழமை மிஷினைக் கீழே இறக்கிவிட்டார்கள், பழைய இடத்திலேயே. சுவிட்சைப் போட்டதும் ஓடியது. ஓடாமல் என்ன?

எனக்கு முதலில் சுருக்கென்றது. நான் நெஞ்சை நிமிர்த்தி நின்றும் நடக்காததை இவள் ஓர் அட்டையில் சாதித்துவிட்டாளே. பிறகு இருவரும் கட்டில் கிறீச்சிடச் சிரித்தோம். கீழே தையல் மிஷின் சத்தம் நின்றுவிட்டது.

போகும்போது சொன்னாள்: "நீ அன்னிக்கு மேல ஏத்தலைன்னா எனக்கு இந்தப் புத்தியே வந்திருக்காது. இதைத் திரும்பச் சொல்ல மாட்டேன்."

மார்ச் 23, ஞாயிறு

அண்ணன் வந்தார். பாதிக் கதவில் நுழைய முடியாமல் படியிலேயே நின்றார். ஒப்பந்தம் புதுப்பித்தாகிவிட்டது.

"வா வேலைக்கு. நடந்தது நடந்துபோச்சு."

"நடந்ததை நடத்தினது நீங்க."

தலையைத் தடவிக்கொண்டார். "என்ன பண்ணச் சொல்றே? குடும்பம் இருக்கு."

"அந்தக் குடும்பத்துல நானும் இருந்தேன்ணா."

டீ கொடுத்தேன், குடித்தார். வேலைக்கு வர மாட்டேன் என்றேன். பணிமனையில் ஒரு மிஷின் வைக்க நானே கேட்டிருப்பதாகச் சொன்னேன். "உன்னால முடியுமா?" என்று கேட்டார். கேலியாக இல்லை, நிஜமாகவே கேட்டார். அதனால் நானும் நிஜமாகவே சொன்னேன்: "தெரியல. ஆனா பண்ணுவேன்."

ஏப்ரல் 22, செவ்வாய்

தொழில் உரிமத்துக்காக அதே கட்டடத்துக்குப் போனேன். இந்தத் தடவை டோக்கன் எடுத்துக்கொண்டு, பெஞ்சில் உட்கார்ந்து.

கண்டக்டரின் வயது ஒருவழியாகத் திருத்தப்பட்டுவிட்டது. மகளுக்கு மறுபடி அப்பா ஆகிவிட்டார். ஆனாலும் வந்து வரிசையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அண்ணி மிஷினைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. காசைப் போட்டுத்தான் குடித்தேன். சர்க்கரை கொஞ்சம் தூக்கல். சொல்லவில்லை, இனி அது அவள் மிஷின்.

பாதி குடிப்பதற்குள் என் எண்ணைக் கூப்பிட்டார்கள். கோப்பையோடு கவுண்டருக்குப் போனேன். குமாஸ்தா நிமிர்ந்து பார்த்தான். அன்று பிளாஸ்குக்கு மூக்கைச் சுளித்தவனேதான்.

"டீயோடெல்லாம் இங்க வரக்கூடாது."

"அப்படியா? குடிச்சிட்டு வரேன். கொஞ்சம் காத்திருங்க."

சுடச்சுட இருந்தது. ஊதி ஊதி, நின்று நிதானமாகக் குடித்தேன்.

காத்திருந்தான்.