அடிக்குரல்

சேசு மரி சூசை

கண்டோன்மெண்ட், பெங்களூர்
21 பிப்ரவரி 1937

அன்புள்ள ஆரோக்கியத்துக்குச் சவரி எழுதுவது. நான் சுகம். நீயும் மாமியும் அங்கே சுகமாயிருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

கிறிஸ்துமஸ் பூசையில் நீ வாய் திறந்து பாடினதும், உன் குரல் கனமாக இருக்கிறதென்று முன்வரிசைப் பெண்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். மறுநாளே தாய்வீட்டுக்கு ரயிலேறிவிட்டாய். அங்கே ஜெபத்துக்குக்கூட நீ வாய் திறப்பதில்லை என்று மாமி யாரையோ எழுதச் சொல்லி அனுப்பின கடிதத்தில் படித்தேன். மனசு கேட்கவில்லை. வீடு வீடாக இல்லை, ஆரோக்கியம். நான் ஆக்கும் சோற்றை நாய்கூட யோசித்துத்தான் தின்கிறது.

ஆகவே ஒன்று அனுப்புகிறேன். துரைமார் கிளப்பில் ஆட்டம் நடக்கும் நாட்களில் கிராமபோனுக்குச் சாவி கொடுப்பதும் முள் மாற்றுவதும் என் வேலை என்பது உனக்குத் தெரியும். சீமைக்குத் திரும்பிய ஒரு துரைசானி தன் பழைய கிராமபோன் பெட்டியையும் ஒரு பாட்டுப் பிளேட்டையும் எனக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். ரயில் பார்சலில் போட்டிருக்கிறேன். பொம்மிடி ஸ்டேஷன் போர்ட்டர் குப்புராஜ் கொண்டுவந்து தருவார். அமெரிக்காக்காரர் மூன்று பேர் சேர்ந்து பாடின பாட்டு. நம் கோயிலில்போல எல்லாரும் ஒரே மெட்டைப் பாடுவது இல்லை. மூன்று பேரும் மூன்று வழியில் போவார்கள், ஆனால் பாட்டு ஒன்றுதான். அடியில் பாடும் குரலை மட்டும் நன்றாகக் கவனி. வேறெதுவும் இப்போது சொல்ல மாட்டேன். கேட்டபிறகு, வருகிறாயா என்று எழுது.

உன் சவரி

---

சேசு மரி சூசை

பொம்மிடி
30 மார்ச் 1937

என் வீட்டுக்காரர் அவர்களுக்கு ஆரோக்கியம்மாள் எழுதுவது. பாஸ்குத் திருநாள் நல்லபடியாக நடந்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி. வெள்ளாடு இரண்டு குட்டி போட்டது.

பெட்டி வந்தது. குப்புராஜ் அண்ணன் தலையில் வைத்துக் கொண்டுவந்து, "பாத்துக்கம்மா, வழியில ஒருக்கா கீழ வுழுந்துடுச்சு" என்று சொல்லிவிட்டுத்தான் மோரே குடித்தார். நீங்கள் காகிதத்தில் எழுதி வைத்தபடியே சாவி கொடுத்தேன். மூன்று ஆண்பிள்ளைகள் இழுத்து இழுத்து அழுகிறார்கள். அப்படி ஒரு துக்கத்தை நான் கேட்டதில்லை. கோயில் உபதேசியார் கேட்டுவிட்டு, "இது ஆண்டவர் பாடுகளைப் பத்தின பாட்டாத்தாங்க இருக்கோணும்" என்று சாதித்தார். பெரிய வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்ததும் கோயில் வாசலில் வைக்கச் சொன்னார். ஊரே முழந்தாளில் நின்று கண்ணைத் துடைத்தது. என் சிநேகிதி ரோசம்மாள் தேம்பித் தேம்பி அழுதாள்.

எல்லாரும் அழுதார்கள், நானும் அழுதேன். ஆனால் என் அழுகை வேறு. அடியில் பாடும் ஆண்பிள்ளையோடு சேர்ந்து முனகிப் பார்த்தேன். என் குரல் அப்படியே பொருந்தியது. அப்போதுதான் புரிந்தது, நீங்கள் ஏன் அனுப்பினீர்கள் என்று. உன் இடம் ஆண்பிள்ளைகளோடுதான் என்று சொல்ல இவ்வளவு பெரிய பெட்டி வேண்டுமா? அந்தப் பெண்கள் சிரித்ததைத் தாங்கினேன். நீங்களும் சிரிப்பீர்கள் என்று நினைக்கவில்லை.

நான் வரவில்லை. இனிக் கேட்கவும் வேண்டாம்.

ஆரோக்கியம்மாள்

---

சேசு மரி சூசை

கண்டோன்மெண்ட், பெங்களூர்
3 ஏப்ரல் 1937

என் ஆரோக்கியத்துக்கு,

கடிதத்தைப் படித்து ஆடிப்போனேன். தயவுசெய்து இதைக் கிழித்துப் போடாமல் கடைசிவரை படி.

அவர்கள் ஆண்பிள்ளைகள் இல்லை. மூன்று பெண்கள். ஒரு வயிற்றில் பிறந்த அக்கா தங்கைகள். விழுந்ததில் வேகத்திருகு நகர்ந்திருக்கும், பிளேட்டு மெதுவாகச் சுற்றுகிறது. அதனால்தான் குரல் தடித்து, பாட்டு அழுகையாகிவிட்டது. தட்டுக்குப் பக்கத்தில் சின்னத் திருகு ஒன்று இருக்கிறது. அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வலப்பக்கம் திருப்பு. உபதேசியாரிடம் எப்படிச் சொல்வாயோ தெரியாது, இங்கே அந்தப் பாட்டுக்குத் துரைமார் குதித்துக் குதித்து ஆடுவார்கள்.

சிரிக்கவா அனுப்புவேன்? முதல் முறை அதைக் கேட்டபோது கையிலிருந்த முள் டப்பாவைக் கீழே போட்டுவிட்டேன். அடியில் பாடுகிறவள் குரல் உன் குரல். விடியற்காலையில் மாட்டை அதட்டுவாயே, அதே குரல். அவளைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை, ஆரோக்கியம். மேலே பாடுகிறவள் தேன்போல் பாடுவாள், நடுவில் இருப்பவள் கூடவே போவாள். ஆனால் அடுப்புக்கு மூன்று கல் வேண்டாமா? அடிக்குரலை எடுத்துவிட்டால் பானை கவிழ்ந்துவிடும். ஆட்டம் முடிந்து எல்லாரும் போனபிறகு, துடைக்கிற சாக்கில் கிளப்பிலிருக்கும் அதே பிளேட்டை அந்த ஒருத்திக்காகவே திரும்பத் திரும்ப வைப்பேன். நீ இல்லாத குறைக்கு அதுதான் எனக்கு.

நீயாகக் கேட்டுக் கண்டுபிடிக்கட்டும் என்று சொல்லாமல் விட்டேன், விளையாட்டு வினையாயிற்று. நீ வந்தாலும் வராவிட்டாலும் சரி, திருகைத் திருப்பி ஒரு தடவை கேள்.

சவரி

---

சேசு மரி சூசை

பொம்மிடி
2 மே 1937

பிரியமுள்ள என் வீட்டுக்காரருக்கு ஆரோக்கியம் எழுதுவது.

கடிதம் வந்தும் நாலு நாள் பெட்டியைத் தொடவில்லை. கோபம் அவ்வளவு சீக்கிரம் போகிறதா? பிறகு திருப்பினேன். அழுதுகொண்டிருந்த மூன்று பேரும் எழுந்து துள்ள ஆரம்பித்தார்கள். ரோசம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். உபதேசியாரை அழைத்துக் கேட்கவைத்தோம். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அளுதது நெசந்தானுங்களே? ஆண்டவரு அத எடுத்துக்குவாரு. சாமியாருகிட்ட மட்டும் சொல்லிராதீங்க" என்றார்.

அந்த அடிக்குரல்காரியைக் கேட்டேன். நீங்கள் சொன்னது நிஜம். அவள் மற்றவர்களைத் துரத்திக்கொண்டு மேலே ஏறவே இல்லை. தன் இடத்தில் நின்றுகொண்டாள், அவர்கள்தான் அவளிடம் திரும்பத் திரும்ப வந்தார்கள்.

நானும் ரோசம்மாளும் பக்கத்து வீட்டு மிக்கேலம்மாளும் கிணற்றடியில் மாதா பாட்டை அந்த மாதிரி பாடிப் பார்த்தோம். லேசில் வரவில்லை. ரோசம்மாள் கொஞ்ச தூரம் போனதும் என் மெட்டில் வந்து விழுந்துவிடுவாள். தொடையில் கிள்ளி மேலே அனுப்புவேன். நேற்றுச் சாயங்காலம் ஒரு வரி மட்டும் மூன்று பேருக்கும் சரியாக வந்தது. மூன்று பேரும் பாடுவதை நிறுத்தி ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டோம். "உங்கொரலு கீள இருக்கறதாலதான் நான் பயமில்லாம மேல போறன்" என்றாள் ரோசம்மாள். இத்தனை வருஷத்தில் என் குரலைப் பற்றி எவரும் இப்படிச் சொன்னதில்லை.

வருகிற ஞாயிறு கழிந்து வியாழக்கிழமை ரயிலேறுகிறேன். ஸ்டேஷனுக்கு வந்துவிடுங்கள். பெட்டியை ரோசம்மாள் விடமாட்டேன் என்கிறாள், அவளிடமே கொடுத்துவிட்டு வருகிறேன்.

அதற்குள் ஒரு காரியம் செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமை பூசையில், அன்றைக்குச் சிரித்த பெண்களில் நன்றாகப் பாடுகிறவர்கள் யார் என்று பார்த்து வையுங்கள். மேலே பாட ஒருத்தி வேண்டும், நடுவில் பாட ஒருத்தி வேண்டும். அடியில் பாட நான் வருகிறேன்.

உங்கள் ஆரோக்கியம்