அப்பா நிற்காத வரிசை

வெர்னன் அண்ணா,

இதை யாரிடமும் காட்டாதே. அண்ணியிடம்கூட இப்போதைக்கு வேண்டாம், அவர் நல்ல மனதோடு அம்மாவிடம் ஏதாவது கேட்டுவிடுவார், அப்புறம் எல்லாம் அப்பா காதுக்குப் போய்விடும். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. நாளைக் காலை டோரீன் அத்தை உன் ஊருக்கு விமானம் ஏறுகிறார். அம்மா உனக்கு எழுதிய கடிதத்தை உறையில் போட்டு ஒட்டும் வேலையை என்னிடம்தான் விட்டிருக்கிறார்கள், அதன் நடுவில் இதையும் மடித்து வைக்கப்போகிறேன். தொலைபேசி அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, பள்ளிக் கணினி அறையைக் குளிர்கால விடுமுறைக்குப் பூட்டிவிட்டார்கள், எனக்கு வேறு வழி தெரியவில்லை. எல்லாரும் படுத்த பிறகு அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். நீயும் அண்ணியும் அவர் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். அம்மாவின் கடிதமும் இப்படித்தான் தொடங்கும், இதுவரை அதில் பொய் இல்லை. உப்புக்கீரை காய்ந்தது ஒரு பொட்டலம் அத்தை பெட்டியில் இருக்கிறது, விமான நிலையத்தில் வாசனை வந்துவிடக்கூடாது என்று அம்மா அதை என் பழைய மழைச்சட்டைக்குள் சுற்றியிருக்கிறார். பன்றிக்கறியோடு வேகவைக்கும்போது கீரையை முதலில் நன்றாக அலசச் சொன்னார், போன தடவை நீ அலசாமல் போட்டு மண்ணைத் தின்றாயாம். அங்கே வெயில் காலம் என்றாலும் அண்ணி ஐஸ் தண்ணீர் குடிக்கக்கூடாதாம். இதெல்லாம் அம்மாவின் கடிதத்திலும் இருக்கும். அதில் இல்லாததை இனி எழுதுகிறேன்.

போன வாரம் நீ கூப்பிட்டபோது அப்பா உன்னிடம் சொன்னது உண்மை இல்லை. நம் கடையில் மாவு நிறுக்கும் மாபேலே கால் முடியாமல் வேலையை விட்டுவிட்டார், கடைக்கு ஆள் இல்லை, கடையை விற்றுவிட்டு நாங்களே உன்னிடம் வந்துவிடுகிறோம், நீ இங்கே வரும் புதுத் துறைமுக வேலைக்காக அங்கே இருக்கும் வேலையை விட்டுவிட வேண்டாம் என்று சொன்னார் அல்லவா? மாபேலே எங்கேயும் போகவில்லை. அடுத்த நாள் காலையிலும் வழக்கம்போல வந்து சோளமாவு நிறுத்துக்கொண்டிருந்தார். கடையை விற்பது மட்டும்தான் உண்மை, அதுவும் நீ வந்துவிடக்கூடாது என்பதற்காக. தான் இங்கே இருந்தால் நீ வருவாய், தான் அங்கே வந்துவிட்டால் நீ வரவேண்டியதில்லை, இதுதான் அப்பாவின் கணக்கு. அங்கே வந்து அப்பா என்ன செய்வார் அண்ணா? போன முறை உன் வீட்டுச் சன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, தெருவில் போகிறவர்களின் பையைப் பார்த்து அந்தச் சாமானுக்கு நம் ஊரில் என்ன விலை என்று சொல்லிக்கொண்டே இருந்தார் என்று நீதானே சிரித்தாய்.

நீதிமன்றத் தீர்ப்பு வந்த நாளிலிருந்து அப்பா சரியாக இல்லை. பழைய வெள்ளையர் ஆட்சியில் ஒதுக்கப்பட்டவர்களுக்கு வேலையில் முன்னுரிமை தரும் சட்டத்தில் ‘கறுப்பர்’ என்ற சொல்லுக்குள் நம்மைப் போலத் தலைமுறைகளாக இங்கே இருக்கும் சீனர்களும் சேர்த்தி என்று செய்தித்தாளில் வந்ததும், நீ சந்தோஷத்தில் தொலைபேசியில் கத்திய கத்தல் கூடம் முழுக்கக் கேட்டது. நீ படித்து முடித்துவிட்டு வேலைக்கு எழுதிப்போட்ட நாட்கள் எனக்கு அரைகுறையாகத்தான் ஞாபகம். விண்ணப்பத்தில் இனத்தைக் குறிக்க இருந்த நான்கு கட்டங்களில் எதிலும் நாம் இல்லை என்று நீயே பேனாவால் ஐந்தாவதாக ஒரு கட்டம் வரைந்து அதில் குறி போட்டாயாம், அம்மா இன்னும் சொல்லுவார். ஆகவே நீ கத்தியது எனக்குப் புரிந்தது. ஆனால் கடையில் நடந்தது வேறு. மறுநாள் ரொட்டி இறக்க வந்த ஃபோர்ட்டுவின் வாசலிலேயே நின்றுகொண்டு, “என்ன முதலாளி, எல்லாரும் வெயில் காலத்துலதான் கறுப்பாங்க, நீங்க இந்தக் குளிர்ல எப்படிக் கறுத்தீங்க?” என்றான். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மாபேலே தலையைத் தூக்காமலே, “உன் ரொட்டி பாதி கருகித்தான் வருது, நாங்க என்னைக்காவது கேட்டோமா?” என்றார். அதற்கும் சிரித்தார்கள். பிறகு ஒரு கிழவர், கறுப்பர் என்றால் குலப்பேர் வேண்டுமே, உங்கள் குலப்பேர் என்ன என்று கேட்டார். அவர் விளையாட்டுக்குத்தான் கேட்டார். அப்பா உள்ளே போய்விட்டார். போன மாதம் பக்கத்துத் தெருவில் சோமாலியாக்காரர் கடையில் கல்லெறிந்தபோதுகூட அப்பா முகம் அப்படி ஆகவில்லை.

அன்று இரவு சமையலறையில் அப்பா அம்மாவிடம் சொன்னதைக் கேட்டேன். ஒட்டுக்கேட்டது தப்புதான். லுலாமாவும் அதே துறைமுக வேலைக்கு எழுதிப்போட்டிருக்கிறாளாம், மாபேலேயின் மகள். அவளும் உன்னைப் போலப் பொறியியல்தான் படித்தாள், இரண்டு வருடமாக வேலை இல்லை. அப்பா சொன்னது அப்படியே எழுதுகிறேன்: “நம்ம மாவு மூட்டை மேல உக்காந்து வீட்டுப்பாடம் எழுதின பிள்ளை அது. அவ அம்மா கண்ணு முன்னாடி, கனடாவுல சம்பாதிச்ச என் மகன் வந்து, நானும் உன்னை மாதிரித்தான்னு அவ பக்கத்துல நிக்கிறதா? அந்த வரிசை நம்மளது இல்ல.” அம்மா பதில் சொன்னார், நாமும் பட்டோம் என்று. வெள்ளைக்காரர் தெருவில் வீடு எடுக்க, இவர்கள் வர எங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று வீட்டுக்கு வீடு கையெழுத்துக் கேட்டு அலைந்ததையும், கடைசி வீட்டுக்காரி கதவைச் சாத்தியதால் நாம் இன்னும் கடைக்குப் பின்னாலேயே இருப்பதையும் சொன்னார். மாபேலேயின் ஆட்கள் பட்டதில் அது பாதிகூட இல்லை என்றார் அப்பா. அப்போதுதான் நான் கதவுக்குப் பின்னால் நிற்பதைப் பார்த்துவிட்டார். திட்டவில்லை. வெர்னனிடம் ஒரு வார்த்தை போனால், அவன் இங்கே வந்து அவமானப்பட்டால், அது உன்னால்தான் என்று மெதுவாகச் சொன்னார். திட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் இருந்திருக்காது.

இன்று மதியம் நடந்ததை எழுதத்தான் உட்கார்ந்தேன், அதற்குள் இவ்வளவு ஆகிவிட்டது. கடையை வாங்குவதாக இருக்கும் சென் என்பவர் அலமாரிகளை அளக்க வந்தார். சில வருடங்களுக்கு முன்தான் சீனாவிலிருந்து வந்தவர், நாம் பேசும் சீனம் அவருக்குப் புரியாது, அவர் பேசுவது நமக்குப் புரியாது, ஆங்கிலத்தில்தான் பேசிக்கொண்டார்கள். அவர் டேப்பைப் பிடித்துக்கொண்டு கல்லாப் பக்கம் வந்ததும் மாபேலே எதற்கு அளக்கிறார் என்று கேட்டார். அப்பா ஏதோ பழுதுபார்ப்பு என்றார். அம்மாவுக்குத்தான் பொய் நிற்காதே. விற்கப்போகிறோம், வெர்னனுக்கு உன் காலைக் காரணமாகச் சொல்லியிருக்கிறார் என்று அழுதுகொண்டே சொல்லிவிட்டார். மாபேலே மாவுக் கரண்டியைக் கீழே வைத்தார். காலைத் தூக்கி ஒரு தடவை ஆட்டிக் காட்டினார்.

“என் காலு நல்லாத்தான் இருக்கு முதலாளி. அது டொராண்டோல மட்டும் எப்படி ஒடைஞ்சுது?”

எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமாகவும் இருந்தது. அப்பா முதலில் அது இது என்று மழுப்பினார், பிறகு லுலாமா பேரைச் சொன்னார், பிறகு எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். சென் டேப்பைக்கூடச் சுருட்டாமல் நின்றார். மாபேலே அப்பாவைக் கட்டிப்பிடிப்பார், உங்கள் மகன் வரட்டும் என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் அப்படிச் செய்யவில்லை.

“என் மகளுக்குக் கிடைக்காம உங்க மகனுக்குக் கிடைச்சா நான் வாயை மூடிட்டு இருப்பேன்னு நினைக்காதீங்க. திட்டுவேன். சர்ச்சுல எல்லார்கிட்டயும் சொல்லித் திட்டுவேன். ரெண்டு நாள் இந்தப் பக்கமே வரமாட்டேன். அப்புறம் வருவேன், மாவு தன்னைத்தானே நிறுத்துக்காது. வரிசைன்னா ஒருத்தர் முன்னாடி, ஒருத்தர் பின்னாடி. அது பிள்ளைங்க பாடு. ஆனா நீங்க ஏதோ எம் பொண்ணுக்குப் பிச்சை போடுற மாதிரி ஒதுங்கி நிக்கிறீங்க பாருங்க, அதுதான் எனக்குப் பிடிக்கல. நிக்க ஆளே இல்லாத வரிசையில முதல்ல நின்னு அவளுக்கு என்ன பெருமை?”

அப்பா, அந்தச் சொல் எங்களுக்கு உரியது இல்லை, நீங்கள் பட்டதில் நாங்கள் பாதிகூடப் படவில்லை என்று மறுபடியும் அதையே சொன்னார். பாதி என்றால் பாதி என்று சொல்லுங்கள், ஒன்றுமே இல்லை என்று ஏன் சொல்கிறீர்கள் என்றார் மாபேலே. கையெழுத்துக்கு அலைந்த நாட்களில் நீங்கள் வெர்னனை யாரிடம் விட்டுவிட்டுப் போனீர்கள், நீங்கள் திரும்பி வந்த முகத்தைப் பார்த்தது யார் என்றும் கேட்டார். அப்பா தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு மாபேலே குரலைத் தாழ்த்திக்கொண்டு, அன்றைக்கு அந்தக் கிழவர் கேட்டதையே கேட்டார். ஆனால் கேட்ட விதம் வேறு.

“இத்தனை வருஷமா முதலாளின்னே கூப்பிட்டாச்சு. சம்பளம் குடுக்கிறவருக்கு அது போதும். பக்கத்துல நிக்கப்போறவருக்கு ஒரு குலப்பேர் வேணும். உங்க குலப்பேர் என்ன?”

அவர்களுக்கு ஒருவரை மரியாதையாகக் கூப்பிடுவது என்றால் குலப்பேர்தான், மாபேலே என்பதே பேலே குலத்தில் பிறந்த பெண் என்பதுதானே. நாம் எல்லா இடத்திலும் பாக்கின் என்று எழுதுகிறோம். அப்பாவும் அதைத்தான் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அப்பா தட்டைத் துடைப்பதை நிறுத்திவிட்டு, “லியோங்” என்றார். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னது போல இருந்தது, ஆனால் எல்லாருக்கும் கேட்டது. பிறகு அவரே விளக்கினார். தாத்தாவின் அப்பா லியோங் பாக் கின் கப்பலில் வந்து இறங்கியபோது, நம்மில் குலப்பேர் முன்னால் வரும் என்று தெரியாத குமாஸ்தா கடைசியில் இருந்ததைக் குலப்பேர் என்று எழுதிக்கொண்டான், அன்றிலிருந்து நாம் எல்லாரும் கிழவருடைய சொந்தப்பேரைச் சுமக்கிறோம் என்றார். லியோங்கும் லியோங்கும் கல்யாணம் செய்துகொள்ளக்கூடாது, அப்பா சின்ன வயதில் ஒரு பெண்ணைப் பார்த்து ஆசைப்பட்டு அவளும் லியோங் என்று தெரிந்து ஓடிவந்த கதையையும் சொன்னார். அம்மா அதை இன்றுதான் முதல்முறையாகக் கேட்டாராம், முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. மாபேலே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பேலேயும் பேலேயும் கட்டிக்கொள்ள முடியாது, அப்படியென்றால் உங்களுடையதும் நிஜமான குலம்தான் என்றார். வெர்னனுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகிவிட்டது, இல்லாவிட்டால் லுலாமாவுக்குப் பேசியிருக்கலாம், குலம் இடிக்காது, ஒரே வீட்டுக்குள் சம்பளம் வந்திருக்கும் என்றும் சொன்னார். அப்புறம் என்னைப் பார்த்து, “மாலியோங், அந்தப் பையை இப்படி எடு” என்றார். நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன், யாரைக் கூப்பிடுகிறார் என்று. என்னைத்தான்.

சென் சனிக்கிழமை பணத்தோடு வரலாமா என்று கேட்டார். அப்பா வரவேண்டாம் என்று சொல்லவில்லை. பார்ப்போம் என்றார். அதனால்தான் எனக்கு இன்னும் பயம். அப்பாவின் பார்ப்போம் எந்தப் பக்கம் சாயும் என்று நம் வீட்டில் யாருக்கும் தெரியாது. இரவு சாப்பாட்டில், தன்னைக் கடைசியாக லியோங் என்று கூப்பிட்டது யார் என்று யோசிப்பதாகச் சொன்னார்.

அண்ணா, நீ வா என்று நான் எழுதவில்லை. எனக்குப் பதினாறு வயது, எனக்கு என்ன தெரியும். இங்கே மின்சாரம் அடிக்கடி போகிறது, அம்மா இன்னும் சாயந்திரம் ஆனதும் இரும்புக் கதவை இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிறார். உனக்கு அந்த வேலை கிடைக்காமலும் போகலாம், லுலாமா நன்றாகப் படித்தவள், பேட்டியில் உன்னை மூலையில் உட்காரவைத்துவிடுவாள். அவளுக்குக் கிடைத்தால் நீ மாபேலேயைப் போலவே ரெண்டு நாள் திட்டிக்கொள். கடையிலும் சிலர் கேலி செய்வார்கள், ஃபோர்ட்டுவின் உனக்காகவே ஏதாவது தயார் செய்து வைத்திருப்பான். எல்லாவற்றையும் யோசித்து வராமல் இருந்தாலும் நான் கோபப்படமாட்டேன். ஆனால் அப்பா சொன்ன பொய்யை நம்பி அங்கேயே இருந்துவிடாதே. அப்பா இந்த ஊரை விட்டு வர விரும்பவில்லை. உன்னைக் கூப்பிடவும் கூச்சப்படுகிறார். இரண்டுக்கும் நடுவில் கடை போய்விடும். சனிக்கிழமைக்கு முன்னால் நீயாகவே கூப்பிட்டு, துறைமுக வேலையைப் பற்றி ஒன்றும் கேட்காமல், மாபேலேயிடம் பேச வேண்டும், போனைக் கொடுங்கள் என்று மட்டும் கேள். அப்பாவால் அப்போது பொய் சொல்ல முடியாது. நான் எழுதினேன் என்று மட்டும் தயவுசெய்து காட்டிக்கொள்ளாதே.

அண்ணிக்கு என் முத்தங்கள். பிறக்கப்போகும் பிள்ளை எந்த ஊரில் பிறந்தாலும் கைகால் சுகத்தோடு பிறக்கட்டும், அதற்கு என்ன குலப்பேர் என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரிந்து வளரட்டும். கீரையை அலச மறக்காதே. இப்படிக்கு, உன் அன்புத் தங்கை

கதவைத் தட்டுகிறார்கள். அப்பாதான். விளக்கை இப்போது அணைத்தால் தெரிந்துவிடும். டாரின், முழித்திருக்கிறாயா, டொராண்டோவில் இப்போது மணி என்ன, அவன் வேலையிலிருந்து வீட்டுக்கு வந்திருப்பானா என்று கேட்கிறார்