ஈசானிய மூலைக் குளியலறை

அக்கா,

பக்கத்து மனையில் இன்று கான்கிரீட் போடுகிறார்கள். ஈரச் சிமெண்டு வாசம் ஜன்னல் வழியே என் அறைக்குள் வந்துவிட்டது. வேலை முடித்துச் சேலத்திலிருந்து நீ திரும்பும்போது உன் துப்பட்டாவில் இருக்கும் அதே வாசம். சக்கர நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

புதுச்சத்திரத்தில் வீடு கட்டலாம் என்று அப்பா சொன்னதுமே நீ நிலத்தைப் பார்க்கக் கிளம்பிவிட்டாய். எத்தனையோ பேருக்கு வரைபடம் போட்டுக் கொடுத்த இன்ஜினீயர் நீ. நம் வீடுதான் உன்னைப் பாடாய்ப் படுத்தியது. கிழக்கே நெடுஞ்சாலை, நாளைக்கு அகலப்படுத்தினாலும் படுத்துவார்கள் என்று தள்ளிக் கட்ட வேண்டும். மேற்கே தோண்டினால் பாறை. தெற்கே பெரியப்பாவின் குடிதண்ணீர்க் கிணறு, அந்தப் பக்கம் கழிவுநீர்த் தொட்டி ஆகாது. தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்க, மழையில் குடையோடு போய் நின்றாய். இத்தனைக்கும் நடுவில், என் அறையை ஒட்டி, நாற்காலி திரும்புகிற அகலத்தில் ஒரு குளியலறை. கடைசியில் மிஞ்சியது வடகிழக்கு மூலைதான்.

பெரியப்பா வரைபடத்தைத் தள்ளிவிட்டார். “ஈசானிய மூலைல கக்கூஸ் வெச்சா ஊடு வெளங்குமா?”

அப்பாவும் அவர் பக்கமே. “உங்கம்மாதான் அவளத் தூக்கிட்டுப் போறாளே சாமி. தனியா என்னத்துக்கு?”

நீ குரலை உயர்த்தவில்லை. “அம்மாவுக்கு முதுகு போச்சுங்கப்பா. அத உடுங்க. வயசுக்கு வந்த புள்ள, கதவச் சாத்திக்கிட்டுக் குளிக்கோணும்னு நெனைக்க மாட்டாளாங்க?”

உன்னிடம்கூட நான் அதைச் சொன்னதில்லை. எப்படித் தெரிந்தது உனக்கு? அப்பா வரைபடத்தை எடுத்து உன் பக்கம் நகர்த்தினார். “உன்ற இஷ்டப்படி போடு” என்றார்.

அஸ்திவாரம் எழும்பியபோது உனக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது, “வாரேன்டி. கதவு எந்தப் பக்கம் தொறக்கோணும்னு யோசிச்சு வை” என்றாய். யோசித்து வைத்தேன். நீ வரவில்லை.

காரியம் முடிந்ததுமே பெரியப்பா ஆரம்பித்துவிட்டார். “அந்த மூலைதான் புள்ளையக் காவு வாங்கிருச்சு. இடிச்சுப்போடு.”

எனக்காக நீ போட்ட அறை உன்னைக் கொன்றதா? அந்தச் சொல் என்னை உடைத்துப் போட்டது. “எனக்கு வேண்டாங்கப்பா, இடிச்சிருங்க” என்று கதறினேன்.

அப்பா எழுந்து வந்து என் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். “எம்புள்ள போட்ட கோடு சாமி அது. அத அழிக்க எனக்குக் கை வருமா?” தன் அண்ணனோடு அன்றைக்கு நின்ற பேச்சு இன்னும் நின்றபடிதான் இருக்கிறது. பெரியப்பா புதுமனை புகுவிழாவுக்கும் வரவில்லை. குளியலறைக்குக் கதவு வைக்கிற நாளில், எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று கொத்தனார் அப்பாவைக் கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார். “வெளிப்பக்கங்க” என்றேன்.

சில நாள் பெரியப்பா சொன்னது நெஞ்சில் தைக்கத்தான் செய்கிறது. பொய் என்று தெரிந்தும் தைக்கிறது. அப்போது தனியாக உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டு, குழாயைத் திறந்துவிட்டு அழுகிறேன். பழைய வீட்டில் குளிக்கப் போவதற்கும் யாராவது என்னைத் தூக்கிப்போக வேண்டும்; தனியாக அழ இடமே இருந்ததில்லை. உனக்காக அழுவதற்கும் நீதான் இடம் ஒதுக்கிவிட்டுப் போயிருக்கிறாய், அக்கா.