கைலிக்கு அனுமதி இல்லை

14.5.1995, ஞாயிறு

மதுரைப் பக்கம் புதிதாகத் திறந்திருக்கும் விளையாட்டுப் பூங்காவுக்கு இன்று அப்பா எங்களைக் கூட்டிப்போனார். அதற்கென்றே வாங்கிய புதுக் கைலி கட்டியிருந்தார். வாசலில் காவலாளியைக் கண்டதும், மடித்துக் கட்டியிருந்ததை மரியாதைக்காக இறக்கிவிட்டார்.

"கைலிக்கு அனுமதி இல்லண்ணே. குடும்பம் வார இடம். குடிச்சிட்டு வாரவங்க தொல்லை தாங்கல."

"நானும் குடும்பத்தோடதானய்யா வந்திருக்கேன். குடிக்கவும் மாட்டேன்."

"ரூல்ஸ்ண்ணே."

குடிப்பவர்களைத் தடுக்க வேண்டியதுதான். "அதுக்கு வாயைத்தானே பாக்கணும்?" என்று கேட்டுவிட்டேன்.

காவலாளி சிரித்தார். "பாப்பா வக்கீலுக்குப் படிக்குதோ?"

"ஏட்டி, சும்மா இரு," என்றார் அப்பா. "அம்மாவோட உள்ள போங்க. நான் செத்த நேரம் இங்கன உக்காந்திருக்கேன்."

உள்ளே, ஈர ஜட்டியோடு ஆண்கள் எங்கள் முன்னாலேயே தண்ணீரில் குதித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரிடம் சாராய வாடை அடித்தது. அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

சாயங்காலம் வெளியே வந்தபோது அப்பா அதே கல்லில் உட்கார்ந்திருந்தார். முகம் வெயிலில் கறுத்திருந்தது. "நல்லா விளையாடுனீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கினால் தெருவெல்லாம் மழைச் சகதி. பஸ்ஸில் வந்த ஆண்கள் எல்லாரும் மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தார்கள். அப்பா கட்டவில்லை. புதுக் கைலி சேற்றில் இழுபட இழுபட வீடுவரை வந்தார்.