இன்னும் ஒரு அங்குலம் கீழே

ஜூன் 3, புதன்

காலையிலேயே புழுக்கம். கத்திரி முடிந்ததாகக் காலண்டர் சொல்கிறது. வெயிலுக்கு யாரும் சொல்லவில்லை போல.

இன்று: கேஸ் பதிவு. இவருக்குச் சர்க்கரை மாத்திரை. பெல்ட்.

பெல்ட் பரணில், பழைய பாய்க்கு அடியில். பூஞ்சை. தேங்காய் எண்ணெய் விட்டுத் துடைத்தேன். ஒரு ஓட்டை தள்ளிப் போட வேண்டியிருக்கிறது. போன வருஷத்து இடுப்பு இல்லை இது.

மாலை ஜிம். கிளப்புக்குப் பின்னால் அதே தகரக் கொட்டகை, அதே துரு வாசனை. முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு கம்பியைத் தோளில் மறுபடி ஏற்ற ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது. "வெயிட் தூக்கித்தான் காலு போச்சு" என்று குவார்ட்டர்ஸ் பிளாக் முழுக்கப் பேச்சு. போனது மழையில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது, கையில் டிபன் கேரியரோடு. பஸ்ஸில் ஏறாதே என்று யாரும் சொல்வதில்லை.

ஸ்குவாட் 50 கிலோ, ஐந்து முறை. நன்றாக உட்கார்ந்து எழுந்ததாகத்தான் நினைத்தேன். செல்வம் போனில் எடுத்ததைக் காட்டினார். பகலில் நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை, மாலையில் எங்களுக்குக் கோச்.

"மேடம், இடுப்பு மடிப்பு முட்டிக்குக் கீழ போவணும். நீங்க பஸ் சீட்டு ஈரமா இருக்குதான்னு பாக்குற மாரி பாதியில நின்னுக்கினு இருக்கீங்க."

ஜரினா சிரித்த சிரிப்பில் ஃபேன் சத்தமே கேட்கவில்லை. பஜாரில் துணிக்கடை வைத்திருக்கிறாள். ஐந்து வருஷமாக என்னோடு பயிற்சி. போட்டியில் எனக்கு எதிரி. ஒரே எடைப் பிரிவு, ஒரே வயதுப் பிரிவு.

செல்வத்தின் நிபந்தனை: 14ஆம் தேதி ஞாயிறு, 70 கிலோவோடு முழுசாக இறங்கி எழ வேண்டும். எழுந்தால் மாவட்டப் போட்டிக்கு என் பேர் போகும். "இல்லேன்னா வேணாம் மேடம். மூணு ஜட்ஜு கிட்டயும் செவப்பு லைட்டு வாங்கிக்கினு வர்றதுக்கா அம்மாந்தூரம் போவணும்?"

நியாயம். கோபம் வந்தது.

ஜூன் 5, வெள்ளி

எங்கள் லேபில் உலர்த்தும் அடுப்பு ரிப்பேர். நிலக்கரி சாம்பிள் எல்லாம் ஈரத்தோடு வரிசையில் காத்திருக்கிறது, ரேஷன் கடை மாதிரி.

பிளாக் வாட்ஸ்அப் குரூப்பில் சூரிய உதயப் படம். "உன்னால் முடியும்." இவர்களுக்கு எப்படித் தெரியும்? எந்த அளவீடு?

55 கிலோ. அதே இடத்தில் நின்றது. அங்கே கண்ணுக்குத் தெரியாத ஒரு தரை இருப்பது போல. டாக்டர் ஸ்கேன் பார்த்து, கால் முழுசாக மடங்கலாம் என்று சொல்லிவிட்டார். காலுக்கு அது தெரியவில்லை.

திரும்பும்போது ஜ. என்னோடு நடந்தாள், ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு.

"போன வருசம் நீங்க இல்லாம தங்கம் வாங்கினேன்ல. இன்னும் வூட்ல மாட்டவே இல்லக்கா. உப்பு போடாத நோன்புக் கஞ்சி மாரி இருந்துச்சு."

ஏதாவது சொல்லியிருக்கலாம். "மழை வரும் போலிருக்கு" என்றேன்.

நாற்பதுகளின் பிரிவில் எனக்கு இதுதான் கடைசி வருஷம். அடுத்த வருஷம் ஐம்பதுக்கு மேல். அந்தப் பிரிவில் இந்த மாவட்டத்தில் ஆளே கிடையாது. வெறும் கம்பியைத் தூக்கினாலும் தங்கம். எனக்கு அந்தத் தங்கம் வேண்டாம். ஜரினாவைத் தோற்கடிக்க வேண்டும். எழுதிப் பார்த்தால் அசிங்கமாகத்தான் இருக்கிறது. உண்மை.

ஜூன் 7, ஞாயிறு

இவருக்கு முதல் ஷிப்ட். பத்து மணிக்கு ஜ. வந்தாள், ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில் முழுப் பலாப்பழம். பண்ருட்டிப் பக்கம் அவள் மச்சான் தோப்புப் பழம்.

சமையலறைத் தரையில் பேப்பர். இரண்டு பேர் கையிலும் முழங்கை வரை எண்ணெய். அவள் தரையில், நான் முக்காலியில். ஆபரேஷனுக்குப் பிறகு தரையில் உட்கார்வதில்லை.

"அக்கா, கொட்டையத் தூக்கிப் போட்றாதீங்க, கொழம்புக்கு." "பொண்ணு காலேஜுல பீஸு கட்டச் சொல்லிக்கினே இருக்காங்க." "இந்தச் சொளய மட்டும் சாப்டுங்க, தேனு." பேச்சு இப்படி. எட்டாத பக்கத்தை இழுக்க முக்காலியை விட்டு நகர்ந்திருக்கிறேன். எப்போது என்று தெரியாது.

அடுப்பில் பால். நுரை ஏறும் சத்தம். ஓடினேன். பிசுக்குக் கையோடு குமிழைத் திருப்புவதற்குள் பொங்கி வழிந்துவிட்டது.

திரும்பினால் ஜ. வாயைப் பிளந்துகொண்டு.

"எப்பிடி எந்திரிச்சீங்க?"

"என்ன?"

"குத்தவெச்சு உக்காந்திருந்தீங்க. குதிகாலு மேல. கைய வேற மேல தூக்கிக்கினு, எதையும் புடிக்காம அப்பிடியே எந்திரிச்சீங்களே."

நின்றேன். முழங்காலைத் தொட்டுப் பார்க்கத் தோன்றியது. கையெல்லாம் பலாப் பிசின்.

"பாலு பொங்கிச்சுக்கா. நல்ல சகுனம்."

சகுனமாவது. அடுப்பைத் துடைக்கவே அரை மணி.

ஜூன் 8, திங்கள்

ஒரு தடவை நடந்தது ஆதாரமாகாது. படுக்கையறையில், பீரோக் கண்ணாடி முன்னால், வெறும் கையோடு முயன்றேன். நின்றது. மறுபடி. நின்றது. சுமையே இல்லாமல்!

அப்படியானால் கால் இல்லை. சமையலறைக்கும் இங்கேயும் என்ன வித்தியாசம்? எண்ணெய், பழம், ஜ., அவசரம். அப்புறம் கண்ணாடி. அங்கே நான் என்னைப் பார்க்கவில்லை.

கண்ணாடி மேல் துண்டைப் போட்டேன். முதல் தடவை நின்றது. இரண்டாவதும். மூன்றாவது, குதிகால் வரை.

நம்ப வேண்டாம். மறுபடி செய்து பார்க்கணும்.

நகக்கண்ணில் பலாப் பிசின் இன்னும் போகவில்லை. லேபில் எல்லோரும் மோந்து மோந்து பார்த்தார்கள்.

ஜூன் 10, புதன்

செல்வத்திடம் கேட்டேன்: கம்பி வைக்கும் ஸ்டாண்டைத் திருப்பலாமா? சுவர்க் கண்ணாடிக்கு முதுகு காட்டி, வாசலைப் பார்க்கிற மாதிரி.

"எதுக்கு மேடம்?"

"சும்மா ஒரு சோதனை."

ஜ. விடவில்லை. "கையில எண்ணெ தடவி உடுங்க செல்வம், அதான் வைத்தியம்." செல்வம்: "கம்பி வழுக்கி எம் மேல வுழுந்தா நாளைக்கு நீங்க வர்றீங்களா மைன்ஸுக்கு?"

வாசலுக்கு வெளியே வேப்பமரம், அடியில் யாருடையதோ மாடு. 60 கிலோ. மாட்டைப் பார்த்துக்கொண்டே இறங்கினேன். முதல் முறை பாதி. அடுத்தது கீழே. பயமாக இருந்தது. எழுந்தேன்.

செல்வம் வீடியோவை இரண்டு தடவை பார்த்தார். "எறங்கிட்டீங்க மேடம். முட்டிக்கு ஒரு அங்குலம் கீழ."

மாடு கவனிக்கவில்லை.

ஜூன் 12, வெள்ளி

ஓய்வு. முழங்கால் லேசாக வீக்கம். ஐஸ். சோபாவில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தேன்.

இவர்: "ஐஸ் வச்சுக்கிட்டு தனியா சிரிக்கிற ஆளை இப்பத்தான் பாக்கறேன்."

"சிரிக்கலை."

"ஞாயித்துக்கிழமை நான் வரட்டுமா?"

"வேண்டாம்."

"உள்ள வரலை. வெளிய வண்டியில உக்காந்திருக்கேன்."

வேண்டாம் என்று இரண்டாவது தடவை சொல்லவில்லை. மாலை மழை, நல்ல காற்று. வீக்கம் வடிந்துவிட்டது.

ஜூன் 14, ஞாயிறு

காலை இட்லி இரண்டு. மூன்றாவது இறங்கவில்லை.

வேப்பமரத்தடியில் இன்று மாடு இல்லை. அந்த இடத்தில் இவர், வண்டி மேல், பேப்பரை முகத்துக்கு நேராக விரித்துக்கொண்டு. பார்க்கவில்லையாம்.

40. 50. 60. எல்லாம் கீழே. 70க்குப் பெல்ட்டை இறுக்கினேன். கம்பி தோளில் ஏறியதும் முழங்கால் ஞாபகம். உடனே பஸ் படி, மழை, டிபன் கேரியர். இறங்கினேன். அந்தத் தரை வந்தது. அங்கேயே நின்றிருப்பேன். பேப்பர் மெல்லக் கீழே இறங்கி, இவர் கண் மட்டும் தெரிந்தது. சிரிப்பு வந்துவிட்டது. மூச்சு போய், உடம்பும் கீழே போய்விட்டது. எழுவதைத் தவிர வழியில்லை. பாதியில் நடுங்கியது. எழுந்தேன்.

செல்வம் வீடியோவைப் பார்க்கவே இல்லை. "பேரு குடுத்துர்றேன் மேடம். சிரிக்க மட்டும் வேணாம்."

இன்று ஜரினாவுக்கு 75தான் திட்டம். 75 ஏற்றிய பிறகு, இரண்டு பக்கமும் இன்னொரு ஐந்து கிலோ பிளேட்டை மாட்டினாள். 85.

"எதுக்கு இப்ப?"

"அதான் நீங்க வந்துட்டீங்கல்ல."

முழுசாக இறங்கினாள். முனகாமல் எழுந்தாள். எனக்கு வயிறு எரிந்தது. இப்படி எரிந்து எவ்வளவு நாளாயிற்று.

புதன்கிழமை செல்வத்திடம் 75 கேட்க வேண்டும்.